மூன்று கிளிகள்

மகிழ்ச்சியையும் துயரத்தையும் பாடிய புலவர்கள் பலர். எதிர்பார்த்தது கைகூடாதபோது உள்ளத்தில் தோன்றும் அந்த இடைப்பட்ட உணர்வை மட்டும் நாம் ஒற்றைச் சொல்லில் கடந்துவிடுகிறோம். ‘ஏமாற்றம்’ என்கிறோம், இன்றைய இளைஞர்களோ அதனையும் கைவிட்டு ‘அப்செட்’ என்கின்றனர். இச்சிறு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். பெரிதும் இருக்கிறது என்பதே நம் கருத்து.

அண்மையில் மொழிபெயர்ப்புப் பயிற்சியின்போது நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். ஆங்கிலப் பத்தி ஒன்றில், ஆட்டத்தில் தோற்ற கால்பந்துக் குழுத் தலைவர் ஒருவர் தம் நிலையைச் ‘சிக் அஸ் எ பேரட்’ என்று கூறியிருந்தார். மாணவர் ஒருவர், “அவர் கிளியைப் போல் நோயுற்றார்” என்று தமிழில் எழுதினார். வகுப்பு முழுதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும், “அப்படியானால் சரியான தமிழ் எது?” என்று அம்மாணவர் கேட்டபோது, உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அவ்வினாவுக்குக் காலம் தாழ்த்தி நாம் கூறும் விடையாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

நோயுற்ற கிளி

ஆங்கிலேயரின் பேச்சுவழக்கில் இத்தொடர் உடல்நோயைக் குறிப்பதன்று. மனம் கசந்துபோன நிலையைக் குறிப்பது. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிரிட்டனின் கால்பந்து ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் இதனைப் பெரிதும் பரப்பினர். வென்றவர் ‘ஓவர் த மூன்’ என்று நிலவுக்கு மேலே பறப்பார். தோற்றவர் நோயுற்ற கிளியாவார். இவ்விரு தொடர்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒன்றாகவே வழங்கின. அளவுமீறி வழங்கியதால் பின்னர்க் கேலிக்கும் உரியனவாயின. இன்று அதனைக் கூறும் ஆங்கிலேயர் பாதி விளையாட்டாகவே கூறுவர்.

இவ்வுவமையின் தோற்றம் உறுதியாகப் புலப்படவில்லை. கிளிகளிடமிருந்து மனிதரைத் தொற்றும் காய்ச்சல் 1929, 1930ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் பரவியது; அதன் நினைவே இது என்று கருதுவோர் உளர். அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில் ஆஃப்ரா பென் எழுதிய நாடகம் ஒன்றில், சோர்ந்திருக்கும் ஒருத்திக்கு நோயுற்ற கிளி உவமையாக வந்துள்ளது.

பயன்படுத்தும் இடம் அறிதல் பொருள் அறிதலினும் இன்றியமையாதது. ஆட்டத்தில் தோற்றமைக்கும், கிடைக்குமென நம்பிய பதவி தவறியமைக்கும் இத்தொடர் பொருந்தும். இறப்பு நேர்ந்த வீட்டில் இதனைக் கூறுதல் பண்பாகாது. விண்ணப்பத்திலோ தேர்விலோ எழுதுதலும் முறையன்று.

இன்று பிரிட்டனில் இதன் இடத்தைக் ‘கட்டெட்’ என்னும் சொல் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. குடல் எடுக்கப்பட்ட மீனைப் போன்ற நிலை என்பது அதன் அடிப்பொருள். மீன் அறுப்போரை நாள்தோறும் காணும் கடற்கரையினராகிய நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால் நம் நாட்டு ஆங்கில நாளேடுகளில் இதே சொல் குடிசைகள் தீக்கிரையானதைக் குறிக்கவே மிகுதியும் வருகிறது. அதனைப் படித்துப் பழகிய மாணவர், தோற்ற ஆட்டக்காரர் தீயில் வெந்தார் என்று பொருள் கொண்டாலும் வியப்பதற்கில்லை.

இவ்விரு தொடர்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வலி எவ்வளவு என்பதை அவை உரைக்கின்றன. வலி யாரால் வந்தது, பிழை யாருடையது என்பதை அவை உரைப்பதில்லை.

இலவு காத்த கிளி

தமிழிலும் ஒரு கிளி உண்டு. இலவமரத்தின் பசிய காயைக் கண்டு, பழுத்தபின் உண்ணலாம் எனக் காத்திருந்த கிளி அது. காய் முற்றியது; வெடித்தது; உள்ளிருந்த பஞ்சு காற்றில் பறந்தது. கிளியோ பசியோடு பறந்தது. இதனை அறியாத தமிழர் இலர்.

இரு கிளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஆங்கிலக் கிளி தன் சோர்வை மட்டும் காட்டி நிற்கிறது. தமிழ்க் கிளிக்கு ஒரு கதை இருக்கிறது. அது எதனைக் கண்டது, எவ்வாறு நம்பியது, எவ்வளவு காலம் காத்தது, எங்கே பிழைத்தது என்பன அனைத்தும் அத்தொடருக்குள் அடங்கியுள்ளன. அன்றியும் அங்கே குற்றவாளி எவரும் இல்லை. பழம் தருவதாக இலவமரம் வாக்களிக்கவில்லை. பஞ்சு தருவது அதன் இயல்பு. அப்பஞ்சு மனிதருக்குத் தலையணையும் ஆகிறது. பிழை, மரத்தின் இயல்பை ஆராயாத கிளியின் எதிர்பார்ப்பில் இருக்கிறது.

இவ்வாறே தமிழ் வழக்குகளை வகைப்படுத்திக் காணலாம். பிறர் செய்த வஞ்சனையால் வருவதற்குக் ‘கடுக்காய் கொடுத்தான்’, ‘அல்வா கொடுத்தான்’ என்கிறோம். உதவுவதாக இருந்தவர் பின்வாங்கினால் ‘கைவிரித்தார்’ என்கிறோம். இங்கு வஞ்சனை இல்லை. இயலாமையோ மனமின்மையோ உண்டு. எவர்மீதும் பிழை இல்லாதபோது ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்றும், ‘வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது’ என்றும் ஆற்றிக்கொள்கிறோம். நம்முடைய தவறான நம்பிக்கையே காரணமாயின் ‘இலவு காத்த கிளி’, ‘கானல் நீர்’ என்போம். அளவு மட்டுமன்றிக் காரணமும் தோன்றச் சொல்லும் இந்நுட்பத்தை நம் முன்னோர் பேச்சிலேயே வைத்துச் சென்றனர்.

ஒரு சொல், இரு பொருள்

இத்துணை வகைகளையும் விழுங்கிவிட்டு நிற்கும் பொதுச்சொல் ‘ஏமாற்றம்’. ஏமாறுதல், ஏமாற்றுதல் என்னும் வினைகளோடு உறவுடைய சொல் இது. ஆதலின் நினைத்தது நடவாமையையும் இது குறிக்கிறது. வஞ்சிக்கப்பட்டமையின் நிழலும் இதன்மேல் படிகிறது. ‘எனக்கு ஏமாற்றம்’ என்று ஒருவர் கூறும்போது, ஏமாற்றியவர் யாரோ ஒருவர் மறைந்து நிற்பதைப் போன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது.

காரைக்கால் மக்களாகிய நமக்கு இதனை விளக்க வேறொரு சான்றும் உண்டு. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இடையே ஆங்கிலேயர் வசமிருந்த காலம் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அவர்களது ஆட்சியில் இருந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபின்னும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கு வாழ்ந்து வருகின்றன. அம்மொழியில் ‘தெசெப்சியோன்’ என்றொரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் ‘டிசெப்ஷன்’ என்பதும் அதே எழுத்துகளால் எழுதப்படுவதே. இரண்டும் இலத்தீன் மொழியின் ஒரே வேரில் பிறந்தவை. எனினும் ஆங்கிலத்தில் அது வஞ்சகத்தைக் குறிக்க, இன்றைய பிரெஞ்சு மொழியில் எதிர்பார்ப்புக் கைகூடாத வருத்தத்தையே குறிக்கிறது.

பாரிசிலிருந்து பெரியவர் ஒருவர், “இவ்வாண்டு ஊர் வர இயலாதது எனக்குத் தெசெப்சியோன்” என்று பிரெஞ்சு மொழியில் மடல் எழுதுகிறார் என்று கொள்வோம். ஆங்கிலம் மட்டும் பயின்ற பேரன் அதனைப் படித்தால், “நம்மவர் யாரோ பாட்டனாரை வஞ்சித்துவிட்டனர்” என்று வீட்டில் உரைக்கக்கூடும். ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தில் பகை மூளும். ஒரே வேர் இரு மொழிகளில் பிரித்துக்கொண்ட இரு பொருள்களையும் தமிழின் ‘ஏமாற்றம்’ தன்னிடத்தேயே சுமந்து நிற்கிறது. ஆதலின் அதனை ஆளும்போது நாம் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கைசேதம்

தமிழ் முஸ்லிம்களாகிய நம் வழக்கில் இவ்வுணர்வுக்கு அருமையான சொல் ஒன்று உண்டு. அது ‘கைசேதம்’. சேதம் என்பது இழப்பு. கையிலிருந்ததை இழத்தல் கைசேதம். திருக்குர்ஆனில் வரும் ‘ஹஸ்ரத்’ என்னும் அரபுச் சொல்லைத் தமிழாக்கியோர் இச்சொல்லையே பெரிதும் எடுத்தாண்டனர். மர்யம் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் மறுமை நாளை ‘யவ்முல் ஹஸ்ரத்’, அதாவது கைசேதத்தின் நாள் என்று குறிக்கிறது.

அல்கஹ்பு அத்தியாயத்தில் 32ஆம் வசனம் முதலாக இரு மனிதரின் வரலாறு கூறப்படுகிறது. அவர்களுள் ஒருவன் திராட்சைத் தோட்டங்களும் பேரீச்ச மரங்களும் பயிர்களும் உடையவன். தன் செல்வம் என்றும் அழியாது எனச் செருக்குற்றான். தோழனின் அறிவுரையைச் செவிமடுக்கவில்லை. தோட்டம் அழிந்தது. செலவிட்ட பொருளை எண்ணித் தன் கைகளைப் பிசைந்து நின்றான் என 42ஆம் வசனம் அவன் நிலையைக் காட்டுகிறது. அவன் அங்கே எவரையும் பழிக்கவில்லை. தான் செய்த தவற்றையே எண்ணி வருந்தினான். கை பிசைதலும் கைசேதமும் நம் மொழியில் ஒரே கையில் வந்து சேர்வதை எண்ணி நாம் வியக்கிறோம்.

ஆகவே கைசேதம் என்பது வெறும் ஏமாற்றம் அன்று. ‘நான் செய்திருக்கலாம், செய்யவில்லை’ என்னும் பொறுப்புணர்வு அதனுள் இருக்கிறது. நம் வீடுகளில் மூதாட்டியர் நாவில் இயல்பாக வழங்கிய இச்சொல், இன்று மேடைப் பயான்களுக்குள் ஒதுங்கிவருவது வருந்தத்தக்கது.

அல்ஹதீது அத்தியாயத்தின் 23ஆம் வசனம், தவறிப்போனதற்காகத் துவண்டுவிடாமலும் கிடைத்ததற்காகப் பூரித்துச் செருக்காமலும் இருக்கும் மனநிலையை மனிதனுக்குக் கற்பிக்கிறது. ஆங்கிலக் கால்பந்து வீரரின் நிலவும் கிளியும் நம் நினைவுக்கு வருகின்றன. வென்றால் நிலவு, தோற்றால் நோயுற்ற கிளி என்னும் இரு கோடிகளுக்கும் இடையே நிற்கும் நடுநிலை இது. இன்ப துன்பங்களைச் சமமாக நோக்கிய கணியன் பூங்குன்றனாரும், ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் இந்நடுநிலைக்கு அயலவர் அல்லர்.

சொல் பிறழ்ந்தால்

சொல்லாராய்ச்சி புலவர்க்கு உரியது. மக்களுக்கு அதனால் ஆவதென்ன என்று வினவலாம். மூன்று நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, நம் வயல்களைப் பற்றியது. காவிரியின் கடைமடை நம் காரைக்கால். 1991 ஜூன் 25இல் காவிரி நடுவர் மன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையில் காரைக்காலுக்கென 6 டி.எம்.சி. நீர் குறிக்கப்பட்டது. 2007 பிப்ரவரி 5இன் இறுதித் தீர்ப்பு புதுவை மாநிலத்துக்கு 7 டி.எம்.சி. என வகுத்தது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அந்த 7 டி.எம்.சி.யை மாற்றவில்லை. நீர் வந்துசேராத ஆண்டுகளில் ‘விவசாயிகள் ஏமாற்றம்’ என்று செய்தி எழுதுகின்றனர். மழை பெய்யாமையால் நீர் இல்லையாயின் அது இயற்கையின் செயல். வானம் பொய்த்தது என்போம். நீர் இருந்தும் அளவுப்படி திறக்கப்படவில்லையாயின் அது உரிமை மறுப்பு. திறந்த நீர் வாய்க்கால் தூர்வாராமையால் வயலுக்கு வரவில்லையாயின் அது நம்மவரின் கடமை தவறுதல். மூன்றுக்கும் ‘ஏமாற்றம்’ என்னும் ஒரே சொல்லை எழுதினால் யாரிடம் முறையிடுவது? நமக்கு வடக்கேயுள்ள காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, வானம் பொய்த்தபோதும் பொய்யாத ஆறு என்று காவிரியைப் போற்றுகிறது. வானின் பொய்யையும் ஆற்றின் வாய்மையையும் அன்றே பிரித்துணர்ந்த மரபு நம்முடையது.

இரண்டாவது, வெளிநாட்டு வேலை நாடும் நம் இளைஞர்களைப் பற்றியது. வளைகுடா நாட்டில் வேலை என்று கூறி, நகையை விற்றுக் கொடுத்த பணத்தைப் பெற்றுக்கொண்டு, தரகர் ஒருவர் தலைமறைவாகிவிடுகிறார். பணம் இழந்த குடும்பமோ, “நஸீபு இல்லை” என்று அமைதி அடைகிறது. இறைவனின் ஏற்பாட்டை நம்புதல் ஈமானின் பகுதியே; அதில் ஐயமில்லை. ஆனால் இது வஞ்சனை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவுச் சான்று பெறவேண்டும் என 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வகுத்தது. அச்சான்று உண்டா என முன்னரே வினவுதலும், வஞ்சிக்கப்பட்டால் முறையிடுதலும் கடமை. ‘நஸீபு’ என்னும் புனிதமான சொல்லுக்குப் பின்னே வஞ்சகர் ஒளிந்துகொள்ள நாம் இடங்கொடுத்தல் ஆகாது. நாம் வாளாவிருந்தால் அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

மூன்றாவது, நம் வகுப்பறையைப் பற்றியது. ஆண்டு முழுதும் நூலைத் திறவாத மாணவர், தேர்வு முடிவு வந்ததும் ‘ஏமாற்றம்’ என்கிறார். சிலர் ‘நஸீபு’ என்கின்றனர். அங்கே ஏமாற்றியவர் எவரும் இலர். விதியைப் பழிப்பதற்கும் இடமில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு அறிவுறுத்திய நபிமொழியை நாம் அறிவோம். கட்டாத ஒட்டகம் ஓடிவிட்டால் அதற்குரிய சொல் கைசேதம். அச்சொல்லைத் துணிந்து தனக்குத் தானே கூறிக்கொள்ளும் மாணவர் அடுத்த தேர்வில் வெல்வார். மாறாக, இரவு பகலாக உழைத்தும் இடம் கிடைக்காத மாணவருக்குக் கைசேதம் என்னும் சொல் பொருந்தாது. அவரை நோக்கி, “கைக்கு எட்டியது இம்முறை வாய்க்கு எட்டவில்லை, கை ஓயவில்லை” என்று கூறித் தோள் கொடுப்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாகும். பிழை செய்யாத பிள்ளைமேல் பழி சுமத்தும் சொல் உயிரையும் வாங்கிவிடும் என்பதை ஒவ்வோராண்டும் தேர்வு முடிவுக் காலத்து நாளேடுகள் நமக்கு உணர்த்துகின்றன.

ஆக, வஞ்சிக்கப்பட்டவர் விதியைச் சொல்கிறார். கடமை தவறியவர் வஞ்சனையைச் சொல்கிறார். உழைத்துத் தவறியவரோ குற்றவாளியாக்கப்படுகிறார். சொல் இடம் மாறுவதால் நீதியும் இடம் மாறிவிடுகிறது.

புலவர் மூவர்

எதிர்பார்த்தது கிடைக்காதபோது என் செய்வது என்பதற்கு நம் இலக்கிய வரலாற்றில் மூன்று வழிகளைக் காண்கிறோம்.

நம் மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்தில் அரசவை தம்மை மதிக்கவில்லை எனச் சினந்த காளமேகப் புலவர், அவ்வூரில் மண்மாரி பெய்யுமாறு வசை பாடினார் என்பது வழிவழி வரும் கதை. இது சினத்தின் வழி. ஒருவன்மீது கொண்ட வருத்தம் ஊர் முழுவதன்மீதும் விழுந்தது.

புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரிடம் வேறொரு வழியைக் காண்கிறோம். இளவெளிமான் தகுதி அறியாமல் கொடுத்த சிறு பரிசிலை அவர் ஏற்கவில்லை. குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, அதனை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுச் சென்றார். இது தன்மானத்தின் வழி. மறுத்தவர் எவரோ அவருக்கே விடை சென்றது.

மூன்றாமவர் உமறுப் புலவர். சீறாப்புராணம் இயற்றத் தூண்டிய வள்ளல் சீதக்காதி, நூல் நிறைவுறுமுன் மறைந்தார். புரவலரை இழந்த புலவர் பணியை நிறுத்தியிருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவரோ தொடர்ந்தார். பறங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள் தமிழுக்குக் கிடைத்தன. பெருமானாரின் முழு வாழ்வையும் அந்நூல் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வில் பாடினார். ஒருவர் கையில் முடியாதது மற்றொருவர் கையில் தொடர்ந்தது. இது பொறுமையின் வழி. ‘ஸப்ரு’ என்று நாம் கூறுவது சும்மா இருத்தலை அன்று, இவ்வாறு தொடர்தலையே.

மூன்றாவது கிளி

தொடக்கத்தில் மாணவர் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். ‘சிக் அஸ் எ பேரட்’ என்பதற்குத் தமிழில் ஒரே தொடர் இல்லை. தோற்ற ஆட்டக்காரர் பயிற்சியின்றி ஆடியிருந்தால், ‘கைசேதப்பட்டார்’ என்று எழுதுக. கடைசி நொடியில் வெற்றி நழுவியிருந்தால், ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் வாடினார்’ என்று எழுதுக. நடுவர் வஞ்சித்திருந்தால், ‘ஏமாற்றப்பட்டார்’ என்று அஞ்சாது எழுதுக. காரணம் தெரியாவிடின், ‘மனமுடைந்தார்’ என்பதே போதும். மொழிபெயர்ப்பாளர் முதலில் அறியவேண்டுவது, அந்த ஆட்டம் எவ்வாறு நடந்தது என்பதையே.

நோயுற்ற கிளியையும் இலவு காத்த கிளியையும் கண்டோம். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது கிளிப்பிள்ளை. சொன்னதைச் சொல்வது அதன் இயல்பு. ஆங்கிலம் கற்றல் வேண்டும். பிரெஞ்சும் அரபும் கற்றல் வேண்டும். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் இழந்தது எதை, இழந்தது எவரால் என்று ஆராயாமல், கேட்ட சொல்லையே திரும்பச் சொல்லும் கிளிப்பிள்ளைகளாக நம் மாணவச் செல்வங்கள் ஆகிவிடலாகாது.

அடுத்தமுறை உள்ளம் வாடும்போது, ‘அப்செட்’ என்று கூறுமுன் ஒரு கணம் தயங்கிக் கேட்டுக்கொள்வோம்: நம்மை எவரேனும் வஞ்சித்தனரா? நாமே கடமை தவறினோமா? நம்பத் தகாததை நம்பினோமா? அன்றி, எவர் பிழையுமின்றி அது நம்மை விட்டு விலகியதா? இக்கேள்விக்கு உண்மையான விடை கிடைத்தால், அதற்குரிய சொல்லும் கிடைக்கும். அச்சொல்லே அடுத்து எடுத்துவைக்க வேண்டிய அடியையும் காட்டும்.